தணிகாசலம் ஓணானின் இசைப் பட்டயம்

ஒரு காட்டில், பாடத் தெரிந்தவர்கள் எல்லாரும் யாரையும் கேட்காமல் பாடிக்கொண்டிருந்த காலத்தில், தணிகாசலம் என்று ஓர் ஓணான் இருந்தது. அதற்குப் பாட வராது. ஆனால் பாட்டு என்றால் உயிர். யார் பாடினாலும் வேலியில் உட்கார்ந்து தலையை மேலும் கீழும் ஆட்டும். பாட்டு முடிந்த பிறகும் ஆட்டும். தொடங்குவதற்கு முன்பே ஆட்டுவதும் உண்டு. ஓணான் இனமே அப்படித்தான். ஆண்டவன் அந்தக் கழுத்துக்குக் கொடுத்தது ஒரே ஓர் அசைவு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதற்கு ஒரு சிநேகிதி, குளத்துத் தவளை கமலவேணி. காட்டிலேயே கமலவேணிக்குத்தான் நல்ல குரல் என்று தணிகாசலம் சொல்லும். அந்தக் குளத்துத் தவளைகள் நானூறும் ஒரே மாதிரிதானே கத்துகின்றன என்று மற்றவர்கள் சொல்வார்கள். யார் பேச்சைக் கேட்பது என்பது உங்கள் இஷ்டம்.

கமலவேணிக்கு ஒரே ஆசை. வருஷா வருஷம் திருவிழாவில் ஆலமரத்தடியில் மேடை போடுவார்களே, அதில் ஒரு தடவையாவது பாடிவிட வேண்டும்.

"அங்க மயில் ஆடுது, மைனா பேசுது, கிளி சீட்டு எடுக்குது. ஒரு தவளைக்கு மட்டும் இடம் இல்லையா தணிகா?" என்று கேட்டது ஒரு நாள்.

"ஏன் இல்ல? நான் படிச்சு ஆளாகி உன்ன மேடையேத்தறேன்," என்றது ஓணான். இந்த முறை தலை ஆடியது அர்த்தத்தோடுதான்.

சொல்லிவைத்த மாதிரி அந்த மாதமே காட்டில் 'அகில வன இசைத் தொழில் கல்லூரி' திறந்தார்கள். முதல்வர் திருவேங்கடம். முள்ளம்பன்றிதான், ஆனால் முதல்வராகிவிட்டபடியால் நாமும் மரியாதையாகவே சொல்லிவிடுவோம். ஓணானும் தவளையும் வரிசையில் நின்று விண்ணப்பம் வாங்கி, மூன்று பிரதிகள் எழுதிக் கொடுத்தார்கள். ஏழாவது கேள்வி: 'பாடத் தெரியுமா?' கமலவேணி 'தெரியும்' என்று எழுதியது. அங்கேயே அதன் விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டார்கள்.

"பாடத் தெரிஞ்சவங்களச் சேத்தா பாட ஆரம்பிச்சுடுவாங்கம்மா. அப்புறம் தொழில யாரு பாக்கறது?" என்றார் முதல்வர்.

தணிகாசலம் 'சுத்தமாகத் தெரியாது' என்று எழுதியிருந்தது. முதல் இடம் கிடைத்தது.

படிப்பு இரண்டு வருஷம். முதல் வருஷம் முழுக்க 'சொல்லி அனுப்புறோம்' என்ற வாக்கியத்தை ஏழு விதமாகச் சொல்லிப் பழகினார்கள். அன்பாக, அவசரமாக, வேறு யாருடனோ போனில் பேசிக்கொண்டே, இப்படி. இரண்டாம் வருஷம் ஒப்பந்தம் எழுதுவது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முதல்வர் தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கித் தருவார். ஒரு முள்ளுக்கு ஒரு கையெழுத்துதான் வரும், பிறகு மழுங்கிவிடும். முதுகு நிறைய இருந்ததால் அவர் கவலைப்படவில்லை.

ஒவ்வொரு பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்பார். உடன் படித்த ஆமை ஓட்டுக்குள் போய்விடும். பெருச்சாளி கொட்டாவி விடும். ஓணான் மட்டும் தலையை ஆட்டும். வகுப்பில் அதுதான் முதல் மாணவன் என்று பெயராகிவிட்டது.

கடைசியில் செய்முறைத் தேர்வு வந்தது. ஒவ்வொரு மாணவரும் நிஜமான ஒரு பாடகரை அழைத்து வந்து, கல்லூரியின் நாற்பத்திரண்டு ஷரத்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். மாணவர் வாயைத் திறந்தால் பூஜ்யம்.

"பேச வேண்டியது ஒப்பந்தம். நீங்க இல்ல," என்றார் முதல்வர்.

தணிகாசலம் வேறு யாரை அழைத்து வரும்? கமலவேணி குளித்து முழுகி, காதோரம் ஓர் ஆம்பல் இதழ் செருகிக்கொண்டு வந்தது. அது வந்து உட்கார்ந்த பிறகுதான் ஓணான் ஒப்பந்தத்தை முழுசாகப் படித்தது. பதினேழாவது ஷரத்து: 'கமலவேணியின் குரல் காட்டில் எங்கே, எப்போது கேட்டாலும் அது கல்லூரிக்கே சொந்தம்.' பதினெட்டு: 'வாயைத் திறக்குமுன் மூன்று பிரதிகளில் அனுமதி பெற வேண்டும்.' நாற்பத்திரண்டு: 'மேடை விஷயம் சொல்லி அனுப்பப்படும்.'

ஓணான் காகிதத்தை அவசரமாகக் கமலவேணி பக்கம் திருப்பியது.

"எழுத்து பொடிப்பொடியா இருக்கு. கண்ணுக்கே தெரியல," என்றது கமலவேணி. "தணிகா, நீ படிச்சவன். உன்ன நம்பித்தான் வந்திருக்கேன். கையெழுத்துப் போடட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்ட வேண்டும். தணிகாசலம் உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கழுத்தில் திரட்டியது. வால் விறைத்தது. முகம் சிவந்தது. கழுத்து மேலே போயிற்று. கீழே வந்தது. மறுபடி மேலே போயிற்று.

"அடேயப்பா, இவ்வளவு வேகமா ஆட்டறியே! அப்ப ரொம்ப நல்ல ஒப்பந்தம்தான் போல," என்று கமலவேணி முள்ளை வாங்கிக் கையெழுத்துப் போட்டது.

வாயைத் திறந்து 'வேண்டாம் கமலா' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பட்டயம் போய்விடும், இரண்டு வருஷப் படிப்பும் போய்விடும். தணிகாசலம் சொல்லவில்லை. பழியைக் கழுத்தின் மேல் போட்டுவிட்டு முதல் வகுப்பில் தேறியது. கல்லூரியிலேயே அதிகாரி வேலையும் கிடைத்தது.

கமலவேணி தினமும் பாட அனுமதி கேட்டு மூன்று பிரதிகள் எழுதிப் போட்டது. 'சொல்லி அனுப்புறோம்' என்று தினமும் பதில் வந்தது. அந்தப் பதிலைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் புது அதிகாரியின் வேலை.

"பரவால்ல தணிகா. நீ பாஸாயிட்ட இல்ல, அது போதும்," என்றது கமலவேணி. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஓணானுக்கு அன்று சோறு இறங்கியிருக்கும்.

அப்புறம் மழை பிடித்தது. குளத்துத் தவளைகள் பட்டப்பகலிலேயே தொண்டை கிழியப் பாடத் தொடங்கின. கமலவேணி மட்டும்தான் வாயை இறுக மூடிக்கொண்டு தாமரை இலையின் அடியில் இருந்தது. முதல்வர் திருவேங்கடம் குடையோடு ஓடிவந்து காது கொடுத்துக் கேட்டார். ஆனந்தத்தில் ஒரு குதி குதித்தார்.

"அத்தனையும் அதே குரல்! பதினேழாவது ஷரத்துப்படி எல்லாம் நம்மளுது!"

நேராக வன அலுவலகத்துக்குப் போய், இந்தச் சத்தம் முழுக்கக் கல்லூரிக்குச் சொந்தம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அங்கே அதிகாரி யானை அதை இரண்டு தடவை படித்தது.

"எல்லாமே உங்களுதா? ரொம்ப நல்லதாப் போச்சு. இத்தனை வருஷமா யாரோடதுன்னு தெரியாமத்தான் நடவடிக்கை எடுக்காம இருந்தோம்," என்று கதவைத் திறந்து காட்டியது.

வெளியே வரிசை நின்றது. பகலில் தூங்கும் வௌவால்கள், தலைவலிக்காரக் கரடி, அடைகாக்கும் கோழிகள், மறுபரீட்சைக்குப் படிக்கும் பெருச்சாளி. ஆளுக்கொரு சத்தப் புகார். ஒவ்வொரு புகாருக்கும் உரிமையாளர் மூன்று பிரதிகளில் விளக்கம் எழுதி, மூன்றிலும் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

முதல்வர் முள்ளைப் பிடுங்கினார், கையெழுத்துப் போட்டார், "ஆ" என்றார். மறுபடி பிடுங்கினார். மழை நாலு நாள் விடவில்லை. நாலாம் நாள் மாலை அவர் தோல் சீவிய சேப்பங்கிழங்கு போல வழவழவென்று உட்கார்ந்திருந்தார். வரிசை அப்படியே இருந்தது.

"தம்பி," என்றார் பக்கத்தில் நின்ற ஓணானிடம், "இந்த முதல்வர் பதவிய நீ ஏத்துக்கறியா?"

ஓணான் தலை மேலும் கீழும் ஆடியது.

"புகாரையும் சேத்துத்தான்."

ஆடியது. முதல்வர் அதற்குமேல் ஒரு நொடி நிற்கவில்லை. வளைக்குள் பாய்ந்தவர் இன்னும் வெளியே வரவில்லை.

கரடி வந்து, "இந்தச் சத்தத்த நிறுத்துவீங்களா?" என்றது. முதல்வர் தணிகாசலம் தலையாட்டியது. கரடி கும்பிட்டுப் போனது. தவளைகள் வந்து, "நாங்க எப்பவும் போலப் பாடலாமா?" என்றன. தலையாட்டியது. அவையும் கும்பிட்டுப் போயின. சாயங்காலத்துக்குள் வரிசை காலி. இப்படியொரு நிர்வாகியைத் தன் சர்வீஸிலேயே பார்த்ததில்லை என்று யானை கோப்பை மூடியது.

கடைசியாகக் கமலவேணி வந்தது.

"தணிகா, மேடை?"

தணிகாசலம் தலையாட்டியது. கழுத்தும் மனசும் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒன்றாக ஆடின. பழைய ஒப்பந்தத்தைத் தன் கையாலேயே சுக்குநூறாகக் கிழித்துக் குளத்தில் போட்டது.

திருவிழா வந்தது. ஆலமரத்து மேடையில் கமலவேணி பாடியது. மூன்று மாதம் அடக்கி வைத்த குரல் அல்லவா, மரத்தில் இருந்த இலையெல்லாம் நடுங்கின. முன்வரிசையில் தணிகாசலம் கண்ணில் நீர் வழியத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, உதவி முதல்வராகிவிட்ட ஆமை புத்தம்புது காகிதம் ஒன்றோடு பக்கத்தில் வந்து நின்றது.

"ஐயா, இந்த மேடையில யார் பாடினாலும் அந்தக் குரல் கல்லூரிக்கே சொந்தம்னு நாப்பத்தி மூணாவதா ஒரு ஷரத்து சேத்துடலாமா?"

பாட்டு உச்சத்தில் இருந்தது. தணிகாசலம் காதில் வேறெதுவும் விழவில்லை. தலை மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது.

"ரொம்ப நன்றிங்கய்யா," என்று ஆமை முத்திரை குத்தியது.

நீதி: பாட்டுக்குத் தொண்டை வேண்டும். பாட்டுத் தொழிலுக்குக் கழுத்து போதும்.