தலைகீழ்ப் பிள்ளையாரும் ஏழுமலை லாரியும்

புதுவாயலுக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே நடந்த கல்யாணங்களில் பாதி, லாரி இன்ஜினுக்குள்தான் நடந்தன என்பேன்.

காரணம், மெக்கானிக் கேஸ்கட்டு. அவருடைய இயற்பெயர் ஆதார் அட்டைக்கு மட்டுமே தெரியும். இரண்டு இரும்புகள் சேரும் இடத்தில் காற்று கசியாமல் நடுவில் வைக்கிற தாள்தான் கேஸ்கட். அதை அவர் கடையில் வாங்கமாட்டார். கல்யாணப் பத்திரிகையில் வெட்டுவார். யார் பத்திரிகை நீட்டினாலும் முகூர்த்தத்தைப் பார்ப்பதில்லை, கட்டைவிரலால் கனத்தைத்தான் பார்ப்பார்.

"இன்னாண்ணே, இவ்ளோ மெல்லிசா கீது? ஆயில் பட்டா ஊறிடும்."

ஜிகினா ஒட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். எந்தக் கல்யாணத்துக்கும் அவர் போனதில்லை.

நான் ஓர் இரும்பு வார்ப்படத் தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். ஒருநாள், மேலாளர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், சொந்த வண்டி ஓட்டும் ஏழுமலையின் பழைய லாரியில் சரக்கேற்றிக் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு அனுப்பினேன். வழியில் நின்றால் நானே பொறுப்பு என்று கையெழுத்தும் போட்டிருந்தேன். மாலை ஐந்துக்குள் சரக்கு உள்ளே போகவேண்டும். காலை 10.20க்கு லாரி புதுவாயலில் கரும்புகை கக்கி நின்றது.

ஸ்கூட்டரில் ஓடினேன். ஆறு சிலிண்டருக்கும் காற்றைப் பிரித்துத் தருகிற இன்டேக் மேனிஃபோல்டு விரிசல் விட்டிருந்தது. அதே மாதிரி எங்கும் கிடைக்கவில்லை. கேஸ்கட்டு பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு பஸ்ஸின் மேனிஃபோல்டைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

"இது வேற வண்டியோடது நைனா!" என்று ஏழுமலை அலறினார்.

"காத்துக்கு இன்னா தெரியும், இது பஸ்ஸா லாரியான்னு? நீ கம்முனு குந்து."

ஓரத்து போல்ட் துளைகள் இரண்டு, அரை விரற்கடை தள்ளியிருந்தன. அவற்றை அரத்தால் ராவி நீட்டினார். அப்புறமும் கொஞ்சம் இடைவெளி.

"கனமான கார்டு வேணும்" என்றவரின் பார்வை என் பையில் விழுந்தது.

உள்ளே என் மகளின் கல்யாணப் பத்திரிகைகள் இருபத்தைந்து, தெரு வாரியாக அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றை எடுத்துத் தடவினார். கண் கலங்கிவிட்டது.

"சார், இதான் கார்டு!"

ஆறு பத்திரிகைகள் பலியாயின. மணமக்கள் பெயரில் துளை விழக்கூடாது என்று நகர்த்தி நகர்த்தி வெட்டியதில், நல்வரவை விரும்பும் என் மைத்துனர் மூன்றாம் சிலிண்டரில் காணாமல் போனார். எனக்கு வருத்தமில்லை.

மணி 1.50. வெட்டிய கேஸ்கட்டை இன்ஜினில் வைத்துப் பார்த்தவர், நெருப்பைத் தொட்டதுபோல் பிடுங்கினார்.

"பேஜாரா பூட்ச்சு சார். கார்டுல கீற புள்ளையாரு தலைகீழா கீறாரு."

மேனிஃபோல்டைத் தரையில் கவிழ்த்துப் போட்டு அளவெடுத்ததன் விளைவு.

"உள்ளே யாருய்யா பார்க்கப்போறாங்க?" என்றேன்.

"அவரு பாப்பாரு இல்ல?"

"யோவ், சார் வேலையே பூடும்யா!" என்று ஏழுமலை காலைப் பிடிக்காத குறை.

"அதுக்குத்தான் சொல்றேன். தலைகீழா வெச்சா வேல பூடும்."

இன்னும் ஆறு பத்திரிகைகள். பிள்ளையார் நிமிர்ந்து உட்கார்ந்தபோது மணி 3.20. லாரி ஒரே ஸ்டார்ட்டில் கிளம்பியது, கரும்புகை இல்லை. துறைமுக வாசலைத் தாண்டியது 4.52க்கு. மிஞ்சிய பத்திரிகைகள் பதின்மூன்று. பன்னிரண்டு வீடுகளை வாயால் அழைத்தேன்.

முகூர்த்தத்தன்று மண்டப வாசலில் வெள்ளைச் சட்டையில் கேஸ்கட்டு! நான் வாய் பிளந்தேன்.

"இன்னா சார் பாக்குற? பன்னெண்டு கார்டு குடுத்துக்கீற. வராம இருப்பனா?"

போன மாதம் ஏழுமலைக்குச் சரியான மேனிஃபோல்டு கிடைத்துவிட்டது. அதை மாற்றச் சொல்லி அவர் நச்சரித்துக்கொண்டிருந்தபோது நானும் அங்கே இருந்தேன். கேஸ்கட்டு ஸ்பேனரை எடுத்தார், இன்ஜினைத் தட்டிப் பார்த்தார், ஸ்பேனரைத் திரும்பப் பெட்டியில் வைத்தார்.

"பிரிச்சா கார்டு கிழிஞ்சிடும்பா. சார் பொண்ணு பேரு உள்ள கீது. ஓடட்டும் வுடு."