சனியைக் காட்டுறேன்னு சொன்ன சனிக்கிழமை

டேய், முதல்ல அந்த இளிப்பை நிறுத்துங்க. நான் இன்னும் கதையே ஆரம்பிக்கல. கல்யாணம் ஆனவன் மூஞ்சியைப் பார்த்தாலே சிரிப்பு வருதா? வரட்டும். உங்களுக்கும் ஒருநாள் ஆகும். அன்னிக்கு முதல் வரிசையில உட்கார்ந்து கை தட்டுறது நானாத்தான் இருப்பேன்.

கல்யாணம் ஆகாதவங்க பக்கத்துல வாங்க. ஆனவங்க தள்ளி உட்காருங்க, உங்களுக்கு இது மறுஒளிபரப்பு.

விஷயம் இதுதான். நான் ஒரு டெலஸ்கோப் வாங்கினேன்.

பாரு, மறுபடியும் சிரிக்கிறான்.

என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா? நானும் காலேஜும் ரெண்டாவது வருஷம் பாதியில ஒருத்தரை ஒருத்தர் கைவிட்டுட்டோம். யார் முதல்ல கைவிட்டாங்கங்கிறதுல மட்டும் இன்னும் தகராறு. அப்புறம் கூரியர், செல்போன் கடை, மீன் தொட்டிக் கடை. எதுலயும் நாலு மாசம் தாண்டல. மீன் தொட்டிக் கடையில மீனே என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பிச்சுது. அதனாலதானே எனக்கு 'ஆரம்பம்'னு பேரு வெச்சீங்க? எங்க வீட்டு அலமாரி மேல ஒரு கிடார் இருக்கு, மூணு கம்பியோட. சக்கர ஷூ ஒரு ஜோடி இருக்கு. ஒரு கேக் அச்சு இருக்கு, அதுல இதுவரைக்கும் வீட்டுச் சாவிதான் வெந்திருக்கு.

என் மனைவிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில வேலை. வர்றவங்க கண்ணு முன்னாடி லென்ஸை மாத்தி மாத்தி வெச்சு, "இது தெளிவா இருக்கா, இதுவா?"ன்னு கேக்கணும். வீட்லயும் அதே குரல்தான். "நேத்து ஏன் லேட்டு? ம்ஹூம், தெளிவா இல்ல. மாத்திச் சொல்லு."

பெட்டியை உள்ள கொண்டு வந்ததும் பார்த்தா.

"என்னடா இது?"

"டெலஸ்கோப்."

"அலமாரி மேல இடம் இல்ல."

"இது அலமாரிக்கு இல்ல. ஆகாயத்துக்கு."

"கிடாரும் மேடைக்குன்னுதான் வந்துச்சு."

எனக்கு ரோஷம் வந்துடுச்சு. நெஞ்சை நிமிர்த்தினேன். "வர்ற சனிக்கிழமை சாயங்காலம், நம்ம மொட்டை மாடியில, சனி கிரகத்தோட வளையத்தை உனக்குக் காட்டுறேன். ஊர்ல எல்லாரையும் சனி பிடிக்கும். முதல் தடவையா ஒருத்தன் சனியைப் பிடிக்கப் போறான்!"

"காட்டலன்னா?"

புத்தி உள்ளவனா இருந்தா இந்த இடத்துல தண்ணி குடிக்கப் போயிருப்பான். நான் சொன்னேன், "காட்டலன்னா நீ என்ன சொன்னாலும் கேக்குறேன்."

அவ எழுந்தா. மேஜை இழுப்பறையைத் திறந்தா. ஒரு விண்ணப்பத்தை எடுத்து என் முன்னாடி வெச்சா. படிப்பைப் பாதியில விட்டவங்களுக்கான மாலைக் கல்லூரி. என் பேரு, எங்கப்பா பேரு, பிறந்த தேதி, எல்லாம் மையில எழுதி, போட்டோ கூட ஒட்டியாச்சு. கையெழுத்து போடுற இடம் மட்டும் காலி.

"இது எப்பலேர்ந்து இருக்கு?"

"கல்யாணம் ஆன மூணாவது மாசத்துலேர்ந்து."

"அடிப்பாவி!"

"எனக்கு டெலஸ்கோப் மேல கோபம் இல்லடா. நீ எதையாவது ஒண்ணைக் கடைசி வரைக்கும் செஞ்சு நான் பார்க்கணும். ஒண்ணு, அந்த வளையம். இல்ல, இந்தக் கையெழுத்து."

சிரிக்காம சொன்னா. யோசிச்சுப் பாருங்க, இந்த வயசுல பெஞ்சுல உட்காரணும். பக்கத்துல மீசை முளைக்காதவன் "அண்ணா, ஸ்கேல் இருக்கா"ம்பான். அதுக்கு நான் சனியையே பிடிச்சுடுவேன்.

பெட்டிக்குள்ள ஒரு புத்தகம் இருந்துச்சு. எப்படிப் பூட்டணும், எப்படிப் பார்க்கணும், எல்லாம் படம் போட்டு. புத்தகம் படிக்கிறவனா இருந்தா நான் ஏன் காலேஜை விடுறேன்? ஜன்னலோரம் வீசிட்டு நானே பூட்டினேன். கீழ மூணு கால். மேல நீளமா ஒரு பெரிய குழாய். பெரிய குழாய் முதுகு மேல குட்டியா இன்னொரு குழாய். செஞ்சவனை மனசாரப் பாராட்டினேன். தூக்கிட்டுப் போறதுக்கு எவ்வளவு அழகா ஒரு கைப்பிடி வெச்சிருக்கான்!

கண்ணு வெக்கிற துண்டு மூணு கொடுத்திருந்தான். இருபத்தஞ்சு, பத்து, நாலு. நம்பர் குறையக் குறைய பெருசாக் காட்டும்னு கடைக்காரர் சொன்னார். பெருசாக் காட்டுறது கையில இருக்கும்போது மத்தது எதுக்கு? நாலையே சொருகினேன். கைப்பிடியைப் பிடிச்சேன். மாடி ஏறினேன்.

ஞாயித்துக்கிழமை: கருப்பு. திங்கட்கிழமை: கருப்பு. செவ்வாய்க்கிழமை ஒரு வளைவு தெரிஞ்சுது. துள்ளிக் குதிச்சேன். அது என் கண் இமை முடி.

வெறும் கண்ணுக்கு சனி அங்கேயே நிக்குது. தெக்குப் பக்கம், மஞ்சளா, சாதுவா. குழாயைத் திருப்பினா மட்டும் கடன்காரனைப் பார்த்த மாதிரி ஒளிஞ்சுக்குது.

கீழ இறங்கினா ஆள் காத்துட்டு இருப்பா.

"தெரிஞ்சுதா?"

"காத்துல ஈரம்."

"நேத்து?"

"நேத்து காத்துல ஈரமே இல்ல. அதுவும் தப்பு."

"ம்."

அந்த 'ம்' இருக்கே, அதை எந்த லென்ஸ் வெச்சாலும் படிக்க முடியாது.

புதன்கிழமை நான் மாடிக்கே போகல. சலூன்ல உட்கார்ந்து, ஷேவிங் பண்ண வந்த ஏழு பேருக்கு சனி கிரகத்தைப் பத்தி வகுப்பு எடுத்தேன். மரியாதையாக் கேட்டாங்க. கழுத்துல கத்தி இருக்கும்போது யாரும் எழுந்து போக முடியாது.

வியாழனும் கருப்பு. வெள்ளிக்கிழமை வெளிச்சம் போறதுக்கு முன்னாடியே மாடியில சோர்ந்து போய் நின்னேன். தூரத்துல ஒரு தண்ணித் தொட்டி. நாலு இரும்புக் கால் மேல, தென்னை மர உசரத்துக்கு. அதுக்குப் பெயிண்ட் அடிச்சுட்டு இருந்தாங்க. உச்சியில உருண்டையா ஒரு விளக்கு. விளக்குக்குக் குறுக்கால சாய்வா ஒரு இரும்புக் கம்பி. அரை மணி நேரம் தட்டுத் தடவி குழாயை அதுக்கு நேரா கொண்டு வந்தேன். விளக்கு எரிஞ்சுது. திருகைக் கொஞ்சம் கலங்கலாத் திருப்பினேன்.

மஞ்சளா ஒரு உருண்டை! குறுக்கால சாய்வா ஒரு கோடு!

சத்தியமாச் சொல்றேன், நிஜ சனி வந்து பக்கத்துல நின்னிருந்தா அதைத்தான் போலின்னு சொல்லியிருப்பீங்க.

சனிக்கிழமை மத்தியானமே குழாயை அதுக்கு நேரா வெச்சு, எல்லாத் திருகையும் இறுக்கி, மேல போர்வை போத்தினேன். ஏழு மணிக்கு மாடிக்கு ரெண்டு பேர் ஏறி வந்தாங்க. ஒண்ணு மனைவி. இன்னொண்ணு மாமனார். ரயில்ல டிக்கெட் பரிசோதகரா இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் மனுஷங்களை நம்பாம இருக்கறதுக்கு சம்பளம் வாங்கினவர்.

"அப்பாவையும் வரச் சொன்னேங்க. சாட்சிக்கு."

கவனிச்சீங்களா? தனியா இருந்தா 'டா'. அவங்கப்பா இருந்தா 'ங்க'. எனக்கு அந்த 'ங்க'ன்னாலே உதறும்.

மாமனார் மூச்சு வாங்கிட்டே கேட்டார். "சனிதானா மாப்ள? வேற நல்ல கிரகமா ஒண்ணும் கிடைக்கலையா?"

"பாருங்க மாமா, பார்த்துட்டுப் பேசுங்க." போர்வையை உருவினேன். குனிஞ்சார். ஒரு கண்ணை மூடினார்.

"அட, வளையம் இருக்கு."

எனக்கு நெஞ்சு ரெண்டு அங்குலம் விரிஞ்சுது. மனைவியைப் பார்த்தேன். கையைக் கட்டிட்டு நின்னா.

"எவ்வளவு தூரம் மாப்ள?"

"நூத்து முப்பது கோடி கிலோமீட்டர் மாமா. சும்மா இல்ல."

"ஆளுங்க இருக்காங்களா?"

"உயிரே கிடையாது மாமா. மூச்சு விட முடியாது. பயங்கரக் குளிர்."

மாமனார் திருகை லேசாத் திருப்பித் தெளிவாக்கினார். "அப்ப இவன் யாரு?"

"எவன்?"

"வளையத்து மேல ஒருத்தன் போறான். தலைகீழா. கையில வாளி."

இந்தக் குழாயில எல்லாமே தலைகீழாத்தான் தெரியும். வாளியை மறந்து வெச்சிட்டுப் போன பெயிண்டர் எடுக்க வந்திருக்கான்!

"அது நிழல் மாமா. கிரகத்து நிழல்."

"நிழல் பிரஷ்ஷை உதறுது."

"கண்ணு அசதியா இருக்கும் மாமா, கொஞ்சம் உட்காருங்க..."

"இரு மாப்ள, போன் எடுக்கிறான். பேசுறான். சிரிக்கிறான்." மாமனார் நிமிர்ந்தார். "நூத்து முப்பது கோடி கிலோமீட்டர்ல டவர் கிடைக்குதா? எங்க வீட்டு சமையலறையிலேயே கிடைக்கலையே!" என் முகத்தை நிதானமாப் பார்த்தார். "டிக்கெட் இல்லாதவன் கழிவறைக்குள்ள இருந்து வெளிய வரும்போது இதே முகம்தான் வெச்சிருப்பான்."

மனைவி முன்னாடி வந்தா.

"ஏங்க, பூமி சுத்துதுன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"ஏதோ கொஞ்சம்."

"அதனால வானத்துல இருக்கற எதுவும் இந்தக் குழாய்க்குள்ள ஒரு நிமிஷம் சேர்ந்தாப்ல நிக்காது. நகர்ந்து போயிட்டே இருக்கும். நாம பின்னாலயே திருப்பணும். உங்க கிரகம் மத்தியானத்துலேர்ந்து ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கு. அதுக்கும் வேலை போயிடுச்சா?"

மாமனார் இருமுற மாதிரி சிரிச்சார்.

அவ குனிஞ்சா. பெரிய குழாய் முதுகுல இருந்த அந்தக் கைப்பிடியில கண்ணை வெச்சா. கைப்பிடியில எதுக்குக் கண்ணு வெக்கிறா?

"இது கைப்பிடி இல்லடா." அப்பா முன்னாடியே 'டா'! "குறி பார்க்கற குழாய். இதுல பார்க்கறதும் அதுல பார்க்கறதும் ஒண்ணா இருக்கணும். அப்பதான் எதையும் கண்டுபிடிக்க முடியும். தூரத்துல அசையாத ஒண்ணைப் பார்த்து ரெண்டையும் நேர் பண்ணணும். நான் தினமும் காலைல கடைக்குப் போறதுக்கு முன்னாடி அந்தத் தொட்டி விளக்கைப் பார்த்து நேர் பண்ணி வெப்பேன். நீ சாயங்காலம் இதைப் பிடிச்சுத் தூக்கிக் கலைச்சுடுவே. போர்வையை எடுக்கும்போதே எனக்குத் தெரியும், குழாய் தொட்டியைப் பார்த்துதான் நிக்குதுன்னு. அந்த விளக்கு எனக்குப் பழைய சிநேகிதி."

"உனக்கு யாரு சொன்னா இதெல்லாம்?"

"ஜன்னலோரம் ஒரு புத்தகம் கிடந்துச்சு."

"அப்ப நீ சனியை..."

"புதன்கிழமையே பார்த்தாச்சு. நீ சலூன்ல வகுப்பு எடுத்துட்டு இருந்தப்போ."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"ஒரு வார்த்தை கேட்டியா?"

சின்னக் குழாயைச் சுத்தி மூணு குட்டித் திருகு. அதைத் திருகிட்டே சொன்னா. "நல்லவேளை, பெரிய குழாயை நீயே விளக்குல வெச்சுட்டே. திருட்டுத்தனம் பண்ணினாலும் பாதி வேலை முடிச்சுட்டே." நாலை உருவினா, இருபத்தஞ்சைச் சொருகினா. குழாயைத் தெக்குப் பக்கம் திருப்பினா. குறி பார்த்தா. அப்புறம் பத்து. கடையில ஆளுங்ககிட்ட கேக்குற அதே குரல்ல கேட்டா. "வா. தெளிவா இருக்கா?"

குனிஞ்சேன்.

டேய், இந்த இடத்துல யாரும் சிரிக்காதீங்க.

சின்னது. ஒரு குன்றிமணி அளவு கூட இல்ல. ஆனா அதைச் சுத்தி, அதைத் தொடாம, அழகா ஒரு வளையம். யாரோ ஒருத்தன் ராப்பகலா உட்கார்ந்து செதுக்கி, கருப்புத் துணி மேல வெச்சுட்டு, கையெழுத்து கூடப் போடாம எழுந்து போன மாதிரி. எனக்குப் பேச்சு வரல. எனக்கு! அது மெதுவா ஓரத்துக்குப் போச்சு. போய், காணாமப் போச்சு.

"போயிடுச்சு! திருப்பு, திருப்பு!"

"அப்பா பார்க்கட்டும்."

மாமனார் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்து, தொண்டையைக் கனைச்சார். "சரியான டிக்கெட்."

நான் சட்டம் பேசினேன். "சனிக்கிழமை சாயங்காலம், மொட்டை மாடி, வளையம். எல்லாம் தெரிஞ்சாச்சு. நான் ஜெயிச்சுட்டேன்."

"காட்டினது யாரு மாப்ள?"ன்னார் மாமனார்.

அந்த மனுஷனை அவ எதுக்கு மாடி ஏத்தினான்னு இப்பப் புரியுதா?

அவ மறுபடியும் சனியைக் குழாய்க்குள்ள கொண்டு வந்தா. திருப்புற திருகு அவ கையில. நான் கண்ணை வெச்சேன். வந்துடுச்சு, அதே வளையம். நகர ஆரம்பிச்சுது. அவ திருப்பல.

"போகுது, போகுது! திருப்பு!"

என் முழங்கால் மேல ஏதோ அட்டை வந்து உட்கார்ந்துச்சு. விரலுக்கு நடுவுல பேனா.

"ஓரத்துக்குப் போயிடுச்சு, ஏய்!"

"கை உன்னோடதுதான்."

பாதி வளையம் மறைஞ்சுடுச்சுடா. நான் என்ன செய்ய?

திங்கட்கிழமையிலேர்ந்து வகுப்பு. லென்ஸைப் பத்தி ஒரு பாடம் இருக்காம். அதுக்காகவே முதல் பெஞ்சுல உட்காரப் போறேன். விட்ட இடத்துலேர்ந்துதான் படிக்கணும்னு நினைச்சேன். இல்லையாம். முதல் வருஷத்துலேர்ந்தாம். தினமும் சாயங்காலம் ஆறுலேர்ந்து எட்டு. அந்த நேரத்துல டெலஸ்கோப் யார் கையில இருக்கும்னு உங்களுக்குச் சொல்லணுமா?

ஏமாத்திட்டாளான்னு கேக்குறீங்க. இல்ல. விண்ணப்பத்துல எல்லாம் கொட்டை எழுத்துலதான் போட்டிருந்துச்சு. படிக்க ரெண்டு நிமிஷம் கூட ஆகாது. நான்தான் குழாயிலேர்ந்து கண்ணை எடுக்காமலே கையெழுத்து போட்டேன்.