ஏரியைச் சுற்றிய தாலி

ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வழி சொல்வது எவ்வளவு சிக்கல் என்பதைத்தான் நான் ஐந்து வருஷமாக ஆராய்ச்சி செய்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் என்னிடம் மட்டும் யாரும் வழி கேட்பதில்லை. (யாராவது கேட்டுவிட்டால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவருவார்.) காரணம், என் அக்கா கல்யாணம்.

கல்யாணம் இண்டூர் பக்கம் ஏரிக்கரைக் கோயிலில். ஏரியைச் சுற்றி வட்டமாக ஒரு ரோடு, போன் மேப்பில் அது கிடையாது. காரிமங்கலத்திலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டு வேன்களுக்கு வழி சொல்லும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். என் பாடமே அதுதானே! ரோட்டைக் கோலப் புள்ளி மாதிரி சில புள்ளிகளாக்கிக்கொள்வோம். எங்கிருந்து எங்கே போனாலும் வழி சொல்ல ஒரு விதி வேண்டும். புறப்படும் இடம் ஒரு புள்ளி தள்ளினால் வழியும் கொஞ்சம்தான் மாறலாம், தலைகீழாகத் திரும்பக் கூடாது. அப்படி எத்தனை விதி தேவையோ, அவ்வளவு சிக்கல். வட்டத்துக்கு ஒரு விதி போதவே போதாது. இதைக் கரும்பலகையில் நிரூபித்துக் கைதட்டு வாங்கியவள் நான்.

வாங்கிவிட்டு, இரண்டு வேனுக்கும் ஒரே விதியை வாட்ஸப்பில் அனுப்பினேன்: "ஏரி வந்ததும் எந்தப் பக்கம் கிட்டவோ அந்தப் பக்கம் வாங்க."

அப்பா மட்டும் கேட்டார். "ஏன் கண்ணு, ரெண்டு பக்கமும் சரிசமமா இருந்தா?"

"கோயிலுக்கு நேர் எதிர்ல நின்னாத்தான்ப்பா அப்படி. அது ஒரே ஒரு புள்ளி. அங்க யாரு வந்து நிக்கப்போறா?"

வேன்கள் வரும் தர்மபுரி ரோடு ஏரியில் முட்டுவது சரியாக அந்தப் புள்ளியில்தான் என்பதை இந்த மேதாவி கவனிக்கவில்லை.

முகூர்த்தம் ஏழரை வரை. மாப்பிள்ளை வேன் ஏதோ ஒரு பக்கம் திரும்பி ஏழு மணிக்கு வந்துவிட்டது. தாலியும் சீர்த்தட்டும் இருந்த இரண்டாவது வேன் வரவில்லை. அதிலிருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா போன் செய்தார்.

"ஏம்மா, ரெண்டு பக்கமும் ஒரே தூரமாத்தான் தெரியுது. டிரைவரு நகரமாட்டேங்கறாரு."

"நல்லா பாருங்க, எதாச்சும் ஒரு பக்கம் கிட்ட இருக்கும்."

அதற்குள் மாப்பிள்ளை, "நானே போயி கூட்டியாறேன்" என்று வேனில் ஏறினார். எந்தப் பக்கம் என்று கேட்டார். கிட்டப் பக்கம் என்றேன், வாய் கூசாமல்.

அங்கே சித்தப்பாவும் டிரைவரை அதட்டிக் கிளப்பிவிட்டார். இருவரும் ஏரியைப் பார்த்து நின்று, இருவரும் வலப்பக்கம் திரும்பினார்கள். தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஒரு வேன், இந்தப் பக்கம் ஒரு வேன், ஒன்றையொன்று துரத்துகிற மாதிரி ஒரே சுற்றில் போவதைக் கரையில் நின்று பார்த்தேன். தாலி கோயிலுக்கு வந்தது, மாப்பிள்ளை இல்லை.

"அவன வுட்டுட்டு தாலிய வெச்சிக்கிட்டு என்னா பண்றது? திருப்புய்யா!" என்றார் சித்தப்பா. யாரையும் காணாமல் எதிர்க்கரையிலிருந்து மாப்பிள்ளையும் கிளம்பினார். மறுபடியும் இருவரும் வலப்பக்கம். மாப்பிள்ளை கோயிலுக்கு வந்தார், தாலி போய்விட்டது.

மணி ஏழு இருபது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா அழ ஆரம்பித்தார். எனக்கு ஏரியிலேயே குதித்துவிடலாமா என்றிருந்தது, வழி தெரியாமல் அதையும் தப்பாகத்தான் செய்திருப்பேன்.

மாலையும் கழுத்துமாக வந்த அக்கா என் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். முதலில் மாப்பிள்ளையைப் பார்த்து, "நீங்க எறங்கி மணையில உக்காருங்க" என்றாள். பிறகு போனில், "சித்தப்பா, ரெண்டும் சமமா இருந்தா தண்ணி எடது கைப்பக்கம் இருக்கறாப்பல வாங்க. அவ்ளோதான்."

அவ்வளவுதான். வட்டத்துக்குத் தேவையான அந்த இரண்டாவது விதி. ஏழு இருபத்தெட்டுக்குத் தாலி ஏறியது. மேளச் சத்தத்தில் நான் தூணுக்குப் பின்னால் நின்று அழுததை யாரும் பார்க்கவில்லை என்று இன்றும் நம்புகிறேன்.

அந்த மாப்பிள்ளை, அதாவது என் மாமா, இப்போதும் நவக்கிரகம் சுற்றப் போனால் சன்னதி முழுக்கக் கேட்கிற மாதிரி, "டாக்டரம்மா, எந்தப் பக்கம் கிட்ட?" என்கிறார். போன மாதம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மண்டபம் பார்க்கப் போன அப்பா, சாப்பாட்டுக் கூடத்தைப் பார்க்கவில்லை, பார்க்கிங் எவ்வளவு என்று கேட்கவில்லை. முட்டுச்சந்தின் கடைசியில் இருந்த மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தார்.

"போகவும் வரவும் ஒரே வழிதான் கண்ணு," என்றார். "இதுக்கு ஒரு விதி போதுமில்ல?"

போதும். அதையும் நான் நிரூபித்திருக்கிறேன்.