பூட்டுச் சாமியாரும் கடை வாசல் நோயாளியும்

டயர் கடை மாடியில் தொண்டையிலிருந்து பூட்டு எடுக்கிறார்கள் என்ற சேதி பரவியதிலிருந்து, டயர் வாங்க வந்தவனுக்குக் கடைக்குள் நுழைய வழியில்லை. மாடிப்படி முழுக்க ஜனம். எல்லாரும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வலி இல்லாதவர்களும் வந்திருந்தார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் அவர்களுக்கும் லேசாக வலித்ததாம்.

விஷயம் இதுதான். உங்களுக்கு எச்சில் விழுங்க முடியவில்லையா? காய்ச்சல் கொதிக்கிறதா? அப்படியென்றால் யாரோ பொறாமைக்காரன் உங்கள் தொண்டைக்குள் பூட்டுப் போட்டுவிட்டான். பூட்டுச் சாமியார் உங்கள் கழுத்தில் ஒரு பித்தளைக் குழாயை வைத்து உறிஞ்சுவார். பக்கத்து டம்ளரில் துப்புவார். டிங்! தண்ணீருக்குள் குட்டிப் பூட்டு ஒன்று கிடக்கும். பயணப் பெட்டிக்குப் போடுகிற பூட்டு.

கழுத்தில் ஓட்டை இல்லாமல் பூட்டு எந்த வழியாக வந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் பக்தி குறைந்துவிடும், பாருங்கள். வங்கிக்காரர் ஒருவர் மட்டும் தன் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல கம்பெனிப் பூட்டு. எங்க மேனேஜர் செலவு பண்ணித்தான் வச்சிருக்கான்!" என்று பெருமைப்பட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

சாமியாருக்குச் சில விதிகள் உண்டு. நோயாளி தலை முதல் கால் வரை போர்வையால் மூடிக்கொள்ள வேண்டும். பேசக் கூடாது. வாயைத் திறக்கவே கூடாது. தொண்டை வைத்தியர்தான், ஆனால் தொண்டையைப் பார்க்க மாட்டார்! போர்வை அவருடையது. வருகிற அத்தனை பேருக்கும் அந்த ஒரே போர்வை. ஜன்னல் சாத்திய அறையில் புகை மூட்டம். ஒருவர் மூச்சை இன்னொருவர் இழுக்கிற அளவுக்கு நெருக்கடி. தனியாக வந்து போனவர் அடுத்த வாரம் குடும்பத்தோடு வந்தார். "பாத்தீங்களா, குடும்பத்துக்கே பூட்டுப் போட்டுட்டானுங்க!" என்றார் சிஷ்யர். தொழில் தானாகவே வளர்ந்தது.

என் பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கும் காய்ச்சல் வந்தது. அவள் அம்மாவுக்குப் பார்சல் ஆபீசில் வேலை. அப்பா லாரியோடு போனவர், திரும்ப நாளாகும். கூட இருப்பவள் அத்தை. துணிக்கடை வாசலில் நிற்கும் பொம்மைகளுக்கு உடை மாட்டுவது அவள் வேலை. அத்தையின் நெஞ்சுக்குள் உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். அறை அமைதியாக இருந்தால் டிக் டிக் என்று கேட்கும். பாப்பா அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்குவாள்.

"அண்ணி, டார்ச் அடிக்கிறேன், நீங்களே பாருங்க. தொண்டை எப்படிச் சிவந்திருக்கு! வெள்ளை வெள்ளையாப் புள்ளி வேற. டாக்டர்கிட்ட போயிடுவோம்" என்றாள் அத்தை.

அம்மா பார்த்தார். முகம் வெளுத்தது. "இது கண்ணுதான். ஸ்கூல்ல இவதான் முதல்ல பாடப் போறான்னு எத்தனை பேருக்கு வயித்தெரிச்சல் தெரியுமா? நான் சாமிகிட்ட டோக்கன் வாங்கிட்டேன்."

"எனக்கும் சின்ன வயசுல இப்படித்தான் வந்துச்சு, அண்ணி. மந்திரிச்சு விட்டாங்க. வலி தானாப் போச்சு, மந்திரிச்சவருக்கு நல்ல பேரு. கொஞ்ச நாள் கழிச்சு முட்டியெல்லாம் வீங்குச்சு. அப்புறம் இதயத்தையே பிடிச்சிருச்சு. இந்த டிக் டிக் உங்க பொண்ணுக்கும் வேணுமா?"

அம்மா அழுதார். ஆனால் டோக்கனை விடவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பெற்றவளின் பயம் எந்தப் பக்கமும் ஓடும்.

அத்தை யோசித்தாள். "சரி. அந்த டோக்கன்ல முதல்ல என்கூட வேலை பாக்குறவ போகட்டும். அவளுக்குச் சாமி சரியாச் சொல்லிட்டா, பாப்பாவை நானே தூக்கிட்டுப் போய் அவர் முன்னாடி உக்கார வைக்கிறேன். தப்பாச் சொன்னா, அங்கிருந்தே டாக்டர். சம்மதமா?"

"சம்மதம்" என்றார் அம்மா.

வேடிக்கை பார்க்க நானும் போனேன். அம்மா பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். அத்தை முக்காடு போட்ட ஒரு பெண்ணை இடுப்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள். "அய்யோ பாவம், எப்படி விறைச்சுப் போயிருக்கா!" என்று ஜனம் வழிவிட்டது. சிஷ்யர் போர்வையை மேலே போர்த்தினார்.

"உக்காரச் சொல்லும்மா" என்றார் சிஷ்யர்.

"அவளுக்கு உக்கார வராதுங்க."

"சாப்பிடுறாளா?"

"ஒரு வாய்கூட இறங்கினதில்ல."

"பேச்சு?"

"மூச்சே கிடையாது."

"வேலை?"

"கடை வாசல்ல நிக்கிறா. வர்றவங்க போறவங்க எல்லாரும் இவளைத்தான் பாக்குறாங்க."

சாமியார் கண்ணை மூடினார். அன்றைக்கு அவர் குரலே கரகரத்தது. "கொதிக்குது... உடம்பு நெருப்பாக் கொதிக்குது. அழகைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒருத்தி வச்ச பூட்டு!" போர்வைக்குள் குழாயை விட்டு உறிஞ்சினார். டிங்! "ஒரே வாரத்துல வாய் நிறையப் பேசுவா, போ!"

அத்தை போர்வையை உருவினாள். முக்காட்டை எடுத்தாள். அப்புறம் நிதானமாக, நோயாளியின் தலையைத் திருகிக் கழற்றிச் சாமியாரின் மடியில் வைத்தாள்.

வங்கிக்காரர் மறுபடியும் வந்திருந்தார் போலிருக்கிறது; மயக்கம் போட்டு விழுந்தார். துணிக்கடைப் பொம்மை என்று புரிய எல்லாருக்கும் கொஞ்ச நேரம் ஆனது. சிரிப்புக் கிளம்பும் என்று நான் காத்திருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்தான் கிளம்பியது.

"ஏன், பொம்மைக்குக் கண்ணு படாதா? நாள் முழுக்க வாசல்ல நிக்குதே!"

"அதானே! பொம்மைத் தொண்டையிலயே பூட்டு எடுத்துட்டாரே, சாமி எப்பேர்ப்பட்டவர்!"

கூட்டம் தலையாட்டியது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இவர்களுக்குச் சாமியாரே தேவையில்லை. அவர் ஊமையாக உட்கார்ந்திருந்தாலும் இவர்களே நடத்திவிடுவார்கள்!

அத்தை சளைக்கவில்லை. அடுத்த நோயாளி தயாராக நின்றிருந்தார். டம்ளர் தண்ணீரை எடுத்துச் சாமியாரிடம் நீட்டினாள். "நீங்க முதல்ல வாயைக் கொப்பளிங்க. எங்களுக்கு வாயைத் திறந்து காட்டுங்க. அப்புறம் இவருக்குப் பூட்டு எடுங்க. எடுத்துட்டா நான் இனிமே வாயே திறக்கல."

சாமியார் கையை ஆட்டினார். "ம்ம்... ம்ம்ம்" என்றார். இடது கன்னம் புடைத்திருந்தது. அடுத்தவருக்கான பூட்டு தயாராக உள்ளே இருக்கிறதே! விழுங்கித் தொலைத்துவிடலாம் என்று பார்த்தார். தொண்டை விடவில்லை. வலியில் கண்ணில் தண்ணீர் முட்டியது. "அம்மா!" என்று அலறினார். டிங்! பூட்டு தரையில் உருண்டு அம்மாவின் காலடியில் போய் நின்றது.

அம்மா பாப்பாவை இறக்கிவிட்டு எழுந்தார். அத்தை இடுப்பில் செருகியிருந்த டார்ச்சைப் பிடுங்கினார். பிளந்திருந்த சாமியாரின் வாய்க்குள் அடித்தார்.

"என் பொண்ணு தொண்டையில இருக்கிற அதே வெள்ளைப் புள்ளிய்யா! உனக்கு எவன்யா பூட்டுப் போட்டான்? உனக்கே எடுத்துக்கத் தெரியலயே!"

அப்போதுதான் சிரித்தார்கள். சிஷ்யர் டம்ளரோடு பின்படி வழியாக இறங்கினார். அம்மா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு முன்படி வழியாக ஓடினார்; அத்தையும் நானும் பின்னாலேயே.

டாக்டரம்மா பாப்பாவின் தொண்டையில் பஞ்சுக் குச்சியால் தடவிப் பார்த்தார். "ஸ்ட்ரெப்டோகாக்கஸ். மணி கோத்த மாதிரி வரிசையா இருக்கிற கிருமி. எல்லாத் தொண்டை வலியும் இது இல்ல, அதான் சோதிச்சுப் பார்த்தேன். நெருங்கி உக்காந்தா மூச்சு வழியா, எச்சில் வழியா ஒட்டிக்கும். வலி நின்னுடுச்சுன்னு மாத்திரையை நிறுத்திடாதீங்க. கடைசி மாத்திரை வரைக்கும் போடணும். இல்லன்னா இதயம் வரைக்கும் போய்ப் பாத்துடும்."

அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சின்ன அறையில் டிக் டிக் நன்றாகவே கேட்டது.

வெளியே வந்தபோது, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு ஒருத்தர் வரிசையில் நின்றிருந்தார். "துண்டை எடுங்க, வாயைத் திறங்க" என்று நர்ஸ் அதட்டினார். எங்களைப் பார்த்ததும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பாவம், மாத்திரை சாப்பிடட்டும். கிருமிக்குச் சாமியார், ஆசாமி என்ற பேதமெல்லாம் கிடையாது.

பாப்பா மாத்திரையை முடித்தாள், முதல் ஆளாகப் பாடவும் பாடினாள். பொம்மை பழையபடி கடை வாசலில் நிற்கிறது. அதன் தலையை அத்தை ஒருநாள் எனக்குக் கழற்றிக் காட்டினாள். உள்ளே வெறும் காற்று. தானாகப் போகத் தெரியாது, அதனால்தான் அதைச் சாமியாரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. சொந்தக் காலில் அத்தனை படி ஏறிப் போனீர்களே, உங்கள் தலைக்குள் என்ன இருக்கிறது? கழற்றாமலே கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.