கரையேறியவர்களின் கருத்து

கிட்ட வந்து உட்காருங்க, இது சத்தமாச் சொல்ற கதை இல்லை.

ஒரு காட்டில் உடும்பார் ஒருத்தர் இருந்தார். முதலில் வானிலை சொல்லிப் பார்த்தார், மழை ஒத்துழைக்கவில்லை. பிறகு புள்ளிவிவரப் புத்தகம் எழுத ஆரம்பித்தார், பிய்த்துக்கொண்டு போனது. குரங்குக்கும் புரிகிற மாதிரி எழுதுகிறார் என்று குரங்குகளே மெச்சின. விழாவுக்கு விழா பொன்னாடை.

அந்தக் கோடையில் ஓடை வற்றிப்போனது. மிச்சம் முதலைக் குளம்தான். புள்ளிமான் அஞ்சலையின் குட்டிக்கு நாக்கு வறண்டு தொங்கியது. குளத்துக்குப் போன தங்கச்சியோ திரும்பவில்லை. போவதா வேண்டாமா என்று அஞ்சலை தவித்த நேரம், உடும்பார் புதுப் புத்தகம் போட்டார்: 'முதலை என்னும் மூடநம்பிக்கை'. முன்னுரை எழுதியது முதலை.

அஞ்சலை நேரே போய்க் கேட்டாள். "எப்படிங்கய்யா இவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"ஆராய்ச்சிம்மா. குளத்துல குடிச்சிட்டு வந்தவங்களை ஒருத்தர் விடாம விசாரிச்சேன். முதலை கடிச்சதுன்னு யாருமே சொல்லலை."

"என் தங்கச்சி போனவ வரலைங்களே."

"அடடா. வந்ததும் அனுப்பி வை, அவ கருத்தையும் சேர்த்துக்கிறேன்."

கையெழுத்து வாங்க நின்ற காட்டுப்பன்றி சிரித்தது. "பெரியவர்கிட்ட வாயாடாத அஞ்சலை. உன் ஒரு தங்கச்சி எங்க, அவர் விசாரிச்ச அத்தனை பேர் எங்க." புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குளத்தில் இறங்கியது. சற்று நேரத்தில் புத்தகம் மட்டும் மிதந்தது.

அஞ்சலை புத்தகம் வாங்கவில்லை. புதருக்குள் நின்று, எழுதினவர் எப்படித் தண்ணீர் குடிக்கிறார் என்று பார்த்தாள். உடும்பார் சாவகாசமாக இறங்கினார். முதலை பக்கத்திலேயே வந்து நலம் விசாரித்தது.

"விற்பனை எப்படிங்க?"

"ரெண்டாம் பதிப்பு. உங்களுக்கு?"

"குறை இல்லை. பயப்படாமக் குடிங்க. எழுதுற கையை நான் கடிப்பேனா?"

மறுநாள் உடும்பார் இறங்கும்போது அஞ்சலையும் குட்டியோடு அவரை உரசிக்கொண்டே இறங்கினாள். முதலை வாயைத் திறந்தது. நடுவில் எழுதுகிற கை. வாயை மூடிக்கொண்டது. குட்டி வயிறு புடைக்கக் குடித்தது.

கரையேறியதும் உடும்பார் பேனாவை எடுத்தார். "முதலை கடிச்சதா?"

குட்டியைப் பார்த்தாள். தங்கச்சியை நினைத்தாள். "இல்லைங்க."

அவர் எழுதிக்கொண்டார். அஞ்சலை குட்டியின் வாயைத் துடைத்துவிட்டு, பணிவாக ஒன்று கேட்டாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்குத் தாகம் எடுக்குங்க அய்யாவுக்கு?"

நீதி: முதலையின் வயிற்றுக்குள் சென்றவர்கள் வெளியே வந்து கருத்தைப் பதிவு செய்ய வேண்டும், தவறினால் மனநிறைவோடு இருப்பதாகவே கொள்ளப்படும்.