காந்தம் அண்ணன் கொடுத்த இரண்டாம் வகுப்பு

மெல்பர்னின் மேற்குப் பக்கத்தில், டார்னெய்ட்டிலிருந்து வெரிபீ வரைக்கும் உள்ள தமிழ்க் குடும்பங்களை வரிசையாக நிறுத்தி ‘உங்களுக்கு யாரைக் கண்டால் பயம்?’ என்று கேட்டால், வரி அலுவலகத்தையும் மாமியாரையும் விட்டுவிட்டு எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள்: காந்தம் அண்ணன். அவர் யாரையும் அடித்ததில்லை, திட்டியதில்லை. உண்மையைச் சொல்வார், அவ்வளவுதான். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. சட்டைப் பையில் எப்போதும் தீப்பெட்டி அளவில் ஒரு காந்தமும், நகைக்கடைக்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்வது போன்ற ஒரு பூதக்கண்ணாடியும் இருக்கும். அதனால் அந்தப் பெயர். யாழ்ப்பாணப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டிய ஒண்டிக்கட்டை. ஒரு கோழி இறைச்சித் தொழிற்சாலையின் குளிர் அறையில் வேலை. மற்ற நேரமெல்லாம் அவர் சேர்த்தது தபால்தலையோ பழைய நாணயமோ இல்லை. ஜெர்மன் ராணுவப் பதக்கங்கள். முதன்முதலில் கேட்டபோது நானும் உங்களைப் போலத்தான் வாயைப் பிளந்தேன்.

எங்கள் அறிமுகமே அதிர்ச்சியில்தான் தொடங்கியது. அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வரவேண்டியிருந்தது. என் மேலாளர் போர்க்காலப் பழம்பொருள் சேர்ப்பவர். ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில், 1914 என்று பொறித்த, மேலே கிரீடம் வைத்த கறுப்பு இரும்புச் சிலுவை ஒன்று கிடைத்தது. முதலாம் உலகப் போர் காலத்தது, அசல் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். வாங்கித் திரும்பினேன். பின்னால் ஒருவர் என் கழுத்தில் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார்.

“தம்பி, தமிழோ?”

“ஆமாங்க.”

“அதை ஒருக்காத் தாரும், பாப்பம்.”

காந்தத்தை எடுத்துச் சிலுவையில் வைத்தார். வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது.

“போலி.”

“அண்ணே, என் மேனேஜருக்குக் குடுக்க இப்பத்தானே வாங்கினேன்.”

“ஓம், கண்டனான். அதான் சொல்லுறன்.”

கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் காந்தம் விழுந்ததற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவர் அவசரமாக வேறு பக்கம் திரும்பி ஒரு தேநீர்க் குடுவையைத் துடைக்கத் தொடங்கினார். அண்ணன் அங்கேயே நின்று எனக்கு வகுப்பு எடுத்தார். நல்ல சிலுவைக்கு நடுவில் இரும்பு, சுற்றிலும் வெள்ளிச் சட்டம். சட்டம் இரண்டு பாதியாகச் செய்து ஒட்டியது, ஓரத்தில் அந்த ஒட்டு தெரியும். என்னுடையது மொத்தமும் ஒரே வார்ப்பு. “இதை மனேஜருக்குக் குடுத்து மானம் கெடாதேயும். என்னட்டக் கிடக்கட்டும்” என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மேலாளருக்கு நான் கடைசியில் கொடுத்தது ஒரு டப்பா முறுக்கு. பதவி உயர்வு வரவில்லை.

அவர் வெரிபீயில், எல்சா அன்ரியின் வீட்டுப் பின்புறத்தில் ஒற்றை அறையில் குடியிருந்தார். எல்சா அன்ரி ஜெர்மன்காரர், எண்பதைத் தாண்டியவர், போருக்குப் பிறகு சிறுமியாகக் கப்பலில் வந்தவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆப்பிள் கேக்கில் ஒரு துண்டை, மேலே இன்னொரு தட்டால் மூடி, அண்ணனின் ஜன்னல் விளிம்பில் வைப்பார். அண்ணன் அதைச் சாப்பிட்டுவிட்டு, “இண்டைக்குச் சீனி கூட” என்று சொல்வார். அவரைக் கண்டு பயப்படாத ஒரே ஆள் எல்சா அன்ரிதான்.

அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவர் நிறையக் காலணிப் பெட்டிகள். நான் முதன்முறை போன அன்று ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே வரிசையாகப் பதக்கங்கள், பாதிக்கு மேற்பட்டவற்றில் நாஜிகளின் ஸ்வஸ்திகா. நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

“அண்ணே, இதெல்லாம் வச்சிருந்தா போலீஸ் புடிக்காதா?”

“வெளியில காட்டக் கூடாது, விக்கக் கூடாது. நான் ரெண்டும் செய்யிறேல்லை.”

“இப்ப எனக்குக் காட்டுறீங்களே?”

“ஓம். நீர் கண்ணை மூடும்” என்று பெட்டியை மூடினார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, கிரகப்பிரவேசத்தன்று வாசல் நிலையில் மஞ்சளால் இட்ட ஸ்வஸ்திகத்தை ஈரத்துணியால் துடைத்தேன். “சாமி கும்பிட்டு வச்சத ஏன் அழிக்கிறீங்க?” என்று மனைவி பிடித்த பிடியில் இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணனிடம் சொன்னால் ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்தேன். “அது வேற, இது வேற. எது எதெண்டு தெரியாத ஆள் என்னத்துக்குச் சந்தைக்கு வந்தனீர்?” என்றார்.

ஏன் ஜெர்மன் பதக்கம் என்று ஒருநாள் கேட்டேன். இந்த நாட்டில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை, இறந்துபோனவர்களின் வீடுகளை ஒழித்துக் கொடுப்பது. ஒரு ஜெர்மன்காரர் வீட்டு அலமாரியில் இப்படி ஒரு பொட்டலம் கிடைத்தது. முதலாளி குப்பையில் போடச் சொன்னார். இவரால் முடியவில்லை. “உயிரைக் குடுத்து வாங்கின சாமான். இல்லாட்டி உயிரை எடுத்து வாங்கின சாமான். எதெண்டு தெரியாமல் எறியக் கூடாது, தம்பி. ஜப்பான்காரன்ர வீடு எண்டால் ஜப்பான் மெடல் சேத்திருப்பன்.” அவ்வளவுதான் காரணம்.

இனி ஒரு கல்யாணக் கதை. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் போட்ட சங்கிலியை எல்லோரும் கையில் வாங்கி வியந்துகொண்டிருந்தார்கள். அது அண்ணன் கைக்கு வந்தது. மண்டபத்தில் இருநூறு பேர் பார்க்க, காந்தத்தை எடுத்து வைத்தார். தங்கம் ஒட்டக் கூடாது. டக்கென்று ஒட்டியது.

“ஒட்டுது” என்றார், தெளிவாக.

பெண்ணின் தாய்மாமன் எழுந்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்தார். ஒரு நாற்காலி விழுந்தது. புகைப்படக்காரர் மட்டும் மகிழ்ச்சியாக எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் கழித்து, எல்லோரும் களைத்துப்போய் உட்கார்ந்தபோதுதான் அண்ணன் சொல்லி முடிக்காத மிச்ச வாக்கியம் காதில் விழுந்தது: “கொக்கிக்குள்ள இருக்கிற ஸ்பிரிங்தான் ஒட்டுது. சங்கிலி நல்ல சங்கிலி.” அதற்குப் பிறகு அவருக்கு அழைப்பிதழ் தபாலில் மட்டும்தான் போகும், அதுவும் கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்து.

தமிழ்ப் பள்ளி விளையாட்டு விழாவில் பரிசு கொடுக்க அவரை யார் கூப்பிட்டார்கள் என்று இன்னும் விசாரணை நடக்கிறது. அந்த இரும்புச் சிலுவையில் இரண்டு வகுப்பு உண்டு. இரண்டாம் வகுப்பு வாங்காதவனுக்கு முதலாம் வகுப்பு கிடையாது. அண்ணன் உலகத்தையே அந்த விதியால்தான் அளப்பார். என் மனைவியின் சாம்பாரை “ரெண்டாம் வகுப்பு” என்று பாராட்டி, அவள் அகப்பையைக் கீழே வைத்ததைக் கண்டவன் நான். அன்று ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தவள் என் மகள். பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “போன வருசம் ரெண்டாவதா வந்தனீரோ, பிள்ளை?” என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். பதக்கம் திரும்ப மேசைக்குப் போனது.

“அங்கிள், தட்ஸ் நாட் ஈவன் எ ரூல்” என்றாள்.

“உமக்குத் தெரியாது, பிள்ளை. பழைய ரூல்.”

தலைமையாசிரியை வந்து பதக்கத்தை எடுத்துக் கொடுக்கும்வரை விழா நின்றது.

இத்தனைக்கும் பிறகு ஒரு சனிக்கிழமை காலை அண்ணன் என்னை அவசரமாகக் கூப்பிட்டார். “எல்சா அன்ரி தன்ர தகப்பன்ர மெடலுகளைப் பாக்கச் சொல்லுறா. என்ர இங்கிலீஷ் கோழிக் கொம்பனிக்குக் காணும், இதுக்குக் காணாது. நீர் வாரும்.”

எல்சா அன்ரியின் சமையலறை மேசையில் ஒரு தகரப் பெட்டி. அவர் அதை நாற்பது வருடமாகத் திறக்கவில்லை. போரில் லொறி ஓட்டியதாக அப்பா சொன்னாராம். இங்கே வந்து தச்சு வேலை செய்து, மகளுக்கு மரத்தில் வாத்து செதுக்கிக் கொடுத்த மனிதர். “நான் போனபிறகு மகன் கேட்டால் சொல்ல ஆள் இல்லை. எனக்கு எது என்ன என்று தெரியவேண்டும். உன் நண்பர் இனிப்பாகப் பேசுகிறவர் இல்லை, அதனால் அவரைக் கேட்கிறேன்” என்று ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார்.

முதல் பதக்கம், கிழக்குப் போர்முனையின் குளிர்காலத்துக்குக் கொடுத்தது. சிப்பாய்களே அதற்கு உறைந்த இறைச்சிப் பதக்கம் என்று பெயர் வைத்திருந்தார்களாம். மொழிபெயர்த்தேன். அன்ரி சிரித்தார். இரண்டாவது, காயம்பட்டவருக்குக் கொடுத்தது. “ஆமாம், தோளில் தழும்பு இருந்தது” என்று தன் தோளைத் தொட்டுக்கொண்டார். மூன்றாவதை அண்ணன் எடுத்தார். பல தலைப் பாம்பைக் குத்தும் ஒரு வாள், சுற்றிலும் இலை வளையம். காந்தத்தை எடுக்கவே இல்லை. கண்ணாடியைச் செருகி முன்னும் பின்னும் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

“தம்பி, சொல்லும். இது சண்டையில குடுத்தது இல்லை. ஒளிஞ்சிருக்கிறவங்களைப் பிடிக்கிறம் எண்டு ஊருகளுக்குள்ள போனவங்களுக்குக் குடுத்தது. எரிச்சவங்கள், சனத்தைக் கொலை செய்தவங்கள். எத்தினை நாள் போனவன் எண்டு நாள் கணக்கு வைச்சுக் குடுத்தது. இது அசல்.”

எதிரே எண்பது வயது மனுஷி, கையில் அப்பாவின் நினைவு. அண்ணனுக்கு இருந்த ஒரே கூரை இந்த வீட்டின் பின்பக்கம். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: “இது காட்டில் காட்டிய வீரத்துக்குக் கொடுத்தது.”

அண்ணன் என்னைப் பார்த்தார். மெதுவாகச் சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்தார். என் நெஞ்சில் வைத்தார். கையை எடுத்தார். காந்தம் என் மடியில் விழுந்தது.

“அன்ரி, திஸ் மேன் ஃபேக். மெடல் ஒரிஜினல்.”

பிறகு அவருடைய கோழிக் கொம்பனி ஆங்கிலத்திலேயே சொல்லத் தொடங்கினார். “சோல்ஜர் ஃபைட் சோல்ஜர், நோ. கோ வில்லேஜ். பீப்பிள். ஃபயர். கவுண்டிங் டேஸ்.” ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது. நான் மேசைக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன்.

“அப்பா லொறி ஓட்டினேன் என்றாரே” என்றார் எல்சா அன்ரி.

“லொறி ஆல்சோ” என்றார் அண்ணன்.

அன்ரி பெட்டியை மூடினார். அன்று கேக் வரவில்லை.

வெளியே வந்ததும் நான் கத்தினேன். “அண்ணே, உங்களுக்கு மனசே இல்லையா? ஒரு பொய் சொன்னா என்ன கொறஞ்சிடும்? வாயத் திறந்து ரூமைத் தொலைக்கப் போறீங்க.”

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார். “எங்கட ஊரையும் ஒருநாள் ஆமிக்காரங்கள் சுத்தி வளைச்சவங்கள், தம்பி. என்ர அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனவங்கள். அவங்களுக்கும் இப்பிடி ஒண்டு குடுத்திருப்பாங்கள். எங்கயோ ஒரு வீட்டில அவங்கட மகள் அதைத் துடைச்சு வைச்சிருப்பாள். ஒருநாள் அவள் கேட்டால், ஆராவது உண்மையைச் சொல்ல வேணும். இவ கேட்டவ. நான் சொன்னனான்.”

அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அத்தனை வருடப் பழக்கத்தில் நான் ஒருமுறைகூட அவர் குடும்பத்தைப் பற்றிக் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமையும் ஜன்னலில் தட்டு இல்லை. அண்ணன் சாமான் கட்ட என்னிடம் அட்டைப் பெட்டிகள் கேட்டார். “போயி, தப்பாப் பாத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே” என்று கெஞ்சினேன். “தப்பாப் பாக்கேல்லையே” என்றார்.

மூன்றாம் சனிக்கிழமை எல்சா அன்ரியே பின்பக்கம் வந்தார். ஒரு கையில் தகரப் பெட்டி, மறு கையில் கேக் தட்டு, கக்கத்தில் ஒரு கட்டு வெள்ளை அட்டை. ஒவ்வொரு பதக்கத்துக்கும் அது என்ன, எதற்குக் கொடுத்தது என்று ஓர் அட்டை எழுதவேண்டும், மூன்றாவதுக்கும் எழுதவேண்டும், மகன் தெரியாமல் எறிந்துவிடக் கூடாது, தெரியாமல் பெருமைப்படவும் கூடாது என்றார். பிறகு, “எழுத்துப்பிழை பார்க்க அந்தப் போலி ஆளைக் கூப்பிடு” என்றாராம்.

போனேன். அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மூன்றாவது அட்டையில் என் கை நின்றது. எல்சா அன்ரி என் முதுகில் கை வைத்து, “எழுது” என்றார். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் எழுதினேன். அன்ரி அழுதார். அண்ணன் எழுந்துபோய் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார், அதுவும் மகா மட்டமான தேநீர்.

நான் கிளம்பும்போது அண்ணன் சொன்னார், “மனுசி முதலாம் வகுப்பு.”

“ரெண்டாம் வகுப்பு எப்ப வாங்குனாங்க?”

“அண்டைக்குக் கேட்டாவே, அது ரெண்டாம் வகுப்பு. எழுதி வை எண்டது முதலாம் வகுப்பு.”

போன வருடம் எல்சா அன்ரி மகனோடு இருக்கப் போய்விட்டார். வீடு விற்பனைக்கு வந்தது. அண்ணன் வேலை கிடைத்து அடிலெய்டுக்குப் புறப்பட்டார். வழியனுப்பப் போனபோது, வண்டி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். சந்தையில் நான் ஏமாந்து வாங்கிய அதே 1914 சிலுவை.

“அந்த அட்டை எழுதினனீரே, அதுக்கு. ரெண்டாம் வகுப்பு. போட்டு வாறன், தம்பி.”

“முதலாம் வகுப்பு எப்பண்ணே?”

“பாப்பம்” என்று வண்டியை எடுத்துவிட்டார்.

அது இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ‘இந்தத் தகரத்த ஏன் வச்சிருக்கீங்க, தூக்கி எறிங்க’ என்று மனைவி வாரம் ஒருமுறை சொல்கிறாள். எது என்ன என்று தெரியாமல் வைத்திருந்தால் எறிந்திருப்பேன். அது போலி என்றும் தெரியும், யார் கொடுத்தது என்றும் தெரியும்.