கேள்வி இறக்கும் சாமி

பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமை காலை, வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வாசலில் நீண்ட வரிசை நின்றால் சாப்பாட்டுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கடைக்கு மேல்மாடியில் பரமேஸ்வர சாமி பிள்ளைகளின் தலையிலிருந்து கேள்வி இறக்குகிறார். பேய் இறக்கும் தொழிலில் போட்டி அதிகமாம், அதனால் கேள்விக்கு மாறிவிட்டார். வாட்சாப்பில் வீடியோ பார்த்துவிட்டு சிரம்பானிலிருந்தெல்லாம் வேன் பிடித்து வருகிறார்கள்.

நோயின் பெயர் கேள்வி தோஷம். ஒரு நாளில் பத்துத் தடவைக்கு மேல் "ஏன்" என்று கேட்கும் பிள்ளைக்கு அது நிச்சயம் உண்டாம். அப்படியானால் பேசத் தெரிந்த ஒரு பிள்ளையும் தப்பாது. வியாபாரம் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்!

போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டும் சபாபதியும் டோக்கனோடு நின்றான், ஐந்து வயது மகள் தாமரையின் கையைப் பிடித்துக்கொண்டு. பாலர் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவள் வாய் ஓயவில்லை. அத்தனை இரும்பை ஏற்றிக்கொண்டு கப்பல் ஏன் முழுகவில்லை என்று கேட்டுவிட்டாள். பதினெட்டு வருஷமாகத் துறைமுகத்தில் கிடக்கும் சபாபதிக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்ட மனுஷன், பிள்ளைக்கு நோய் என்று முடிவு கட்டிவிட்டான்.

மேலே வரிசையாகப் பித்தளைத் தட்டுகள், எல்லாவற்றிலும் மஞ்சள் தண்ணீர். சாமி தன் சம்புடத்திலிருந்து விபூதி எடுத்துத் தாமரையின் வலது உள்ளங்கையில் தேய்த்து, தட்டில் அமுக்கினார். தண்ணீர் ரத்தச் சிவப்பாக மாறியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"பாத்தீங்களா, தோஷம் எறங்குது. முத்திப்போன கேஸ். திங்கக்கிழமையே பாலர் பள்ளிய நிறுத்திடுங்க. ஏழு வயசு வரைக்கும் புத்தகமே கண்ணுல காட்டக்கூடாது."

தாமரைக்குப் பாலர் பள்ளி என்றால் உயிர். உதடு பிதுங்கியது. ஆனாலும் கேட்டாள்.

"எங்க டீச்சர் எதையும் ரெண்டு தடவ செஞ்சு பாக்கணும்னு சொன்னாங்கப்பா. இன்னொரு தடவ பாத்துட்டு நிறுத்துங்கப்பா."

சாமி வாயைத் திறப்பதற்குள் அவள் விபூதி படாத இடது கையை அடுத்த தட்டில் முக்கிவிட்டாள். தண்ணீர் மஞ்சளாகவே இருந்தது.

"தோஷம் ஒரு கையில மட்டுந்தான் இருக்குமா சாமி?"

சபாபதி முதல் தடவையாகச் சாமியின் கையைப் பார்த்தான். ஐந்து விரலிலும் விபூதி.

"நீங்க ஒரு தடவ வைங்க லா, சாமி."

"நான் எதுக்குப்பா? பெரியவங்களுக்குத் தோஷம் கிடையாது."

"அப்ப பயம் என்ன?"

ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை சாமியின் மணிக்கட்டைப் பிடித்து மூன்றாவது தட்டில் இறக்கியது. தட்டு செக்கச்செவேல் என்றானது.

"அப்பா, சாமிக்கும் முத்திப்போச்சு," என்றாள் தாமரை.

பின்வரிசையிலிருந்து வீரம்மா எட்டிப் பார்த்தாள். பேரனுக்காக மூன்றாவது தடவை வந்திருப்பவள். "அட கண்றாவியே, இது ஆரத்தி தண்ணிதானே? விபூதியில சுண்ணாம்பு கலந்திருக்கான் பாவி. மஞ்சத் தண்ணில சுண்ணாம்பு பட்டா சிவக்காம என்ன செய்யும்?"

கல்யாணம், வளைகாப்பு என்று முப்பது வருஷமாக ஆரத்தி கரைத்த கை அது. அங்கே நின்ற பெண்கள் எல்லாருடைய கையும் அப்படித்தான். வீட்டில் கரைத்தால் ஆரத்தி, மாடியில் கரைத்தால் அற்புதம் என்று நம்பியிருந்தார்கள். அந்தச் சந்தடியில் சாமி பின்படி வழியாக இறங்கிவிட்டார். தோஷம் இறக்குவதைவிட வேகமாக இறங்கினார்.

கூட்டம் திருந்திவிட்டது என்றா நினைக்கிறீர்கள்? "கிள்ளான்ல இன்னொரு சாமி இருக்காராம்க்கா, நம்பர் வேணுமா?" என்று ஒரு குரல் அப்போதே கேட்டது.

கொமுட்டர் ரயிலில் தாமரை மறுபடி ஆரம்பித்தாள். "கப்பல் ஏன்ப்பா முழுகல?"

"அப்பாவுக்குத் தெரியலம்மா. திங்கக்கிழமை டீச்சர்கிட்ட கேட்டு வந்து எனக்கும் சொல்லு."

சொல்லி முடித்ததும் அவனுக்கே மனசு லேசானது. உங்கள் வீட்டிலும் ஒரு வாண்டு "ஏன்" என்று கேட்டுக்கொண்டிருக்கும். அதன் வாயை அடைத்துப் பாருங்கள். வளர்ந்து, டோக்கன் வாங்கி, இதே வரிசையில் ஒழுங்காக நிற்கும்.